பெட்ரோல் டின், கரி மூட்டை, பிளக் பாயின்ட்

ஹெப்பகோடி மெட்ரோ நிலையத்தின் படிகளை விட்டு இறங்கினால் எதிரே ஒசூர் ரோடு. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், கறிவேப்பிலைக் கட்டு ஏற்றிய டெம்போ, முன்சீட்டில் மூன்று பேரை அடைத்த ஷேர் ஆட்டோ என்று எல்லாம் ஒரே திசையில் நகர்கின்றன. டீக்கடையில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நான்கும் ஒரே சமயத்தில் காதில் விழும். "அத்திபெலே, ஒசூர், ஒசூர்!" என்று கூவுகிற கண்டக்டருக்கு இதில் எந்த மொழிக்காரர் ஏறினாலும் சரிதான்.

ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டியை அடுத்து வருகிறது. 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் முனைப்பில், பக்கத்து கிராமங்களான கோனப்பன அக்ரஹாராவிலும் தொட்டதொகூரிலும் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. அதன் பிறகுதான் இந்தப் பக்கத்து ராகி வயல்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமாயின. ஹெப்பகோடிக்கு அடுத்தது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அங்கிருந்து சந்தாபுரா, அத்திபெலே, மாநில எல்லை, ஜூஜூவாடி, ஒசூர். மொத்தமும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான்.

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலம் என்றால் பித்தளை விளக்கும் துணிக்கூரையும் வைத்த கார், பக்கத்தில் தலைப்பாகை டிரைவர் நிற்கும் பழைய படம்தான் நினைவுக்கு வரும். ஒசூர் ரோட்டில் அந்த ஆரம்பம் ஒரு தடவையோடு முடியவில்லை. பெட்ரோல் புதிதாக வந்தபோது ஒரு முறை, பெட்ரோல் கிடைக்காமல் போனபோது ஒரு முறை, மின்சாரம் வந்தபோது ஒரு முறை என்று இங்கே வண்டியோட்டிகள் திரும்பத் திரும்பத் தொடக்கத்திலிருந்து கற்றிருக்கிறார்கள். மூன்று முறையும் பிரச்சினை வண்டியை ஓட்டுவதில் இல்லை. பாதி வழியில் நின்றுபோனால் கேட்க ஆளில்லை என்பதே பிரச்சினை.

கடைசியாக வந்த தொடக்கத்துக்கான முகவரி பொம்மசந்திராவில் இருக்கிறது. ரேவா என்ற சின்ன மின்சாரக் கார் பிறந்தது இந்தத் தொழிற்பேட்டையில். பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்து 1994இல் ரேவா நிறுவனத்தைத் தொடங்கின. அதற்கு முகமாக இருந்தவர் சேத்தன் மைனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் இருந்த மாணவர் குழு கட்டிய 'சன்ரன்னர்' என்ற சூரியசக்திக் கார், 1990இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் வென்றது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. 2001இல் ரேவா விற்பனைக்கு வந்தது. இரண்டு கதவு, முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் குழந்தைகள், சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் ஈய அமில பேட்டரிகள் எட்டு. முழு சார்ஜ் ஏற எட்டு மணி நேரம். அதில் ஓடக்கூடியது சுமார் 80 கிலோமீட்டர்.

அந்த 80 என்ற எண்ணை வைத்துத்தான் ரேவாக்காரர்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். பெங்களூர் எம்.ஜி. ரோட்டிலிருந்து ஒசூர் போய்த் திரும்பினால் அதுவே ஏறக்குறைய 80 ஆகிவிடும். ஏசியைப் போட்டால் அந்தக் கணக்கும் தப்பும். ஆகவே வண்டியைத் தயாரித்த தொழிற்பேட்டைக்குப் போய்வரலாம், ஒசூருக்குப் போனால் திரும்புவது சந்தேகம். சார்ஜ் போடும் நிலையம் என்று ரோட்டில் எதுவும் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிளக் பாயின்ட் ஒன்றுக்கு அசோசியேஷனிடம் அனுமதி வாங்க வேண்டும். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று கூட்டம் போட்டுப் பேச வேண்டும். பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் வேறு அவ்வப்போது ஊற்ற வேண்டும். மற்ற கார்க்காரர்கள் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்கள். இவர்கள் அடுத்த சிக்னலில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்று பார்த்தார்கள்.

இதே கார் லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. 2003இல் லண்டன் நகர மையத்தில் நெரிசல் கட்டணம் வந்தபோது மின்சார வண்டிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பொம்மசந்திராவில் பூட்டிய கார்கள் அந்த விலக்கின் பலத்தில் பக்கிங்ஹாம் பக்கத்துத் தெருக்களில் ஊர்ந்தன. சட்டப்படி அது அங்கே காரே அல்ல, நாற்சக்கர இலகு வண்டி. தொலைக்காட்சியில் கேலி செய்தார்கள், வாங்கியவர்களோ விடாமல் ஓட்டினார்கள். 2010இல் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது.

மின்சாரக் கார் புதுச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் 1899 ஏப்ரலுக்குப் போக வேண்டும். அந்த மாதம் பாரிசுக்குப் பக்கத்தில் கமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர், குண்டு வடிவத்தில் இருந்த ஒரு வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் போனார். சாலையில் ஓடும் வண்டி நூறைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அது மின்சார வண்டி. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தயாரான கார்களில் நீராவி முதலிடம், மின்சாரம் இரண்டாமிடம், பெட்ரோல் கடைசி. சத்தமும் புகையும் நாற்றமும் கொண்ட பெட்ரோல் வண்டி பிறகு ஜெயித்ததற்குக் காரணம், அதன் எரிபொருளை ஒரு டின்னில் ஊற்றிக் கூடவே எடுத்துப்போக முடிந்ததுதான்.

டின்கூட இல்லாத காலமும் ஒன்று இருந்தது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தாய்வீட்டுக்கு வண்டியை விட்டார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவம் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மருந்துக்கடைக்காரரும் செருப்புத் தைப்பவரும் கார் மெக்கானிக்குகளாக ஆனது இப்படித்தான்.

சென்னைக்கு மோட்டார் வந்தது 1901இல். பாரி நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஏ.ஜே. யார்க், அடையாறில் இருந்த தம் பங்களாவிலிருந்து பாரிமுனை ஆபீசுக்குக் காரில் போய்வரத் தொடங்கினார். வண்டிகளுக்கு எண் கொடுக்க ஆரம்பித்தபோது 'எம்.சி.-1' சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவருக்குப் போனது, 'எம்.சி.-3' தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாருக்கு. உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர். சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்ற பெயரும் அவருக்குத்தான். அவருடையது பிரெஞ்சுக்காரர்கள் செய்த டி டியோன். அதே காலத்தில் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியில் ஓடும் காரையே இங்கே கட்டிப் பார்த்தார். குதிரை வண்டிக்குப் பெயர்போன கம்பெனி அது.

அன்றைய பெட்ரோல் வண்டியைக் கிளப்புவதே தனி வித்தை. ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் அமெரிக்காவில் இறங்கின. பிரிட்டிஷ் ஆட்சியின் நாடுகளுக்கு, வலப்பக்க ஸ்டியரிங்கோடு, கனடாவின் ஃபோர்டு ஆலையிலிருந்து வந்தன. எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. முன்சீட்டைத் தூக்கி, டாங்க்கில் குச்சியை விட்டு, நனைந்த அளவைப் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் பின்னால் இழுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஸ்பார்க் நெம்புகோலைத் தாமதமாக்கி, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து, இறங்கி முன்னால் போய் ஹேண்டில் அடிக்க வேண்டும். வலதுகையால் அழுத்தி அடித்தவர்களுக்கு என்ஜின் பின்னடித்தபோது மணிக்கட்டு போனது. அந்த எலும்பு முறிவுக்கு மருத்துவ நூல்களில் கார் ஓட்டுநரின் பெயரே உண்டு. தெரிந்தவர்கள் இடதுகையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, கீழிருந்து மேலே இழுத்தார்கள். என்ஜின் பிடித்துக்கொண்டதும் ஓடிவந்து ஸ்பார்க்கைச் சரி செய்ய வேண்டும். 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு இந்த ஆபத்து குறைந்தது. பெட்ரோல் காரை எல்லாருக்கும் உரியதாக்கியது ஒரு மின் மோட்டார் என்பது வேடிக்கை.

ஏறி உட்கார்ந்தால் காலடியில் மூன்று மிதிகள். ஆக்சிலரேட்டர் அவற்றில் எதுவுமில்லை; அது கையில். இடது மிதியை முழுக்க அழுத்தினால் லோ கியர், விட்டால் டாப், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். நடு மிதி ரிவர்ஸ், வலது மிதி பிரேக். பெட்ரோல் சீட்டுக்கு அடியிலிருந்து தன் எடையாலேயே என்ஜினுக்கு இறங்குவதால், டாங்க் காலியாகும் நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால் என்ஜின் வறண்டுவிடும். அப்போது வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார்கள்.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒசூர் ரோடு போன்ற சாலை எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றைய ஆறு வழியையும் மேம்பாலத்தையும் வைத்து ஊகிக்க முடியாது. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2010இல்தான் வந்தது. தார் பரவுவதற்கு முன் தென்னாட்டு நெடுஞ்சாலைகள் கல்லை உடைத்துப் பரப்பி, தண்ணீர் விட்டு, உருளையால் அழுத்தியவை. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் அந்தக் கல்லை நாளடைவில் மாவாக்கிவிடும். முன்னால் ஒரு மோட்டார் போனால் பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது. இருட்டினால் கார்பைடு விளக்கு: கல்போன்ற கார்பைடின்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், எழும் வாயுவைத் தீக்குச்சியால் பற்ற வைக்க வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் அது தாக்குப்பிடிக்காது.

ஓட்டுநரை அழவைத்தது இவை எதுவுமில்லை, லாட ஆணிதான். மாட்டின் குளம்பிலிருந்து கழன்று ரோட்டில் கிடக்கும் அந்தச் சின்ன ஆணி ரப்பர் டயருக்குள் எளிதாக ஏறும். டயரை நெம்பிக் கழற்றி, டியூபை உருவி, ஓட்டையைத் தேடி, சுரண்டி, சொல்யூஷன் தடவிப் பட்டை ஒட்டி, கைப்பம்பால் காற்றடித்து முடிப்பதற்குள் சுற்றிலும் ஊரே கூடிவிடும். மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் தம் பஸ்களுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை விட்டு ஆணி பொறுக்கச் செய்தார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அது கதையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அத்திபெலே தாண்டியதும் எல்லை. சுதந்திரத்துக்கு முன் இந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம், அந்தப் பக்கம் சென்னை மாகாணத்தின் சேலம் ஜில்லா. ஒசூர் பிறகு தர்மபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் மாறியது. 1914இல் வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்குப் பதிவும் ஓட்டுநருக்கு லைசென்சும் கட்டாயமாக்கி, 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது என்றது. வண்டி எண் பலகையைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லும் பழக்கம் அப்படி வந்ததுதான். இன்றும் அத்திபெலேயில் 'கே.ஏ.' குறைந்து 'டி.என்.' கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எல்லைத் தொல்லை இப்போது மெட்ரோவுக்கும் வந்திருக்கிறது. பொம்மசந்திராவில் முடியும் தடத்தை ஒசூர் வரை நீட்ட வேண்டும் என்று பேச்சு. பெங்களூர் மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ தலைக்குமேல் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கிறது. ஒரு மாநிலத்துப் பழக்கத்தில் செய்த ரயில், மற்ற மாநிலத்துப் பழக்கத்தில் போட்ட தடத்தில் அப்படியே ஓடாது.

ஒசூருக்குள் நுழைந்தால் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைத் தவிர்க்க முடியாது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த சுந்தரம் அய்யங்கார், ரயில்வே, வங்கி வேலைகளை உதறி, 1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் அது. பஸ்ஸைக் குறித்த நேரத்தில் விடுவது என்பதை அவர் பிடிவாதமாகக் கடைப்பிடித்தார். கொங்கு நாட்டில் இதே பிடிவாதம் ஜி.டி. நாயுடுவுக்கு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தவர் அவர், அவருடைய யு.எம்.எஸ். பஸ் பிறகு கோவைப் பக்கத்தில் பெரிய பெயர். பஸ் வருமா வராதா என்று மரத்தடியில் காத்திருந்த காலத்துக்கு இவர்கள் இருவரும் கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது, பெட்ரோல் ரேஷனுக்குப் போனது. அப்போது பஸ்கள் கரியில் ஓடின. டி.வி.எஸ். தானே வடிவமைத்துச் செய்த கேஸ் பிளான்ட், தென்னாட்டு பஸ்களின் பின்னால் ஏறியது. ஆளுயர இரும்பு டிரம்மில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றைக் குறைத்து விட்டால், கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அதை வடிகட்டிக் குளிரவைத்து என்ஜினுக்குள் விட்டால் பெட்ரோலுக்குப் பதில் அது எரியும். வேலை முழுக்கக் கிளீனர் தலையில்தான். விடிவதற்கு முன்பே வந்து கரியை மூட்டி, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி வாயு தேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வழியில் நிறுத்திச் சாம்பல் தட்ட வேண்டும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும் என்பதால், மேடு வந்தால் "இறங்குங்க சாமி, ஒரு கை போடுங்க" என்று கண்டக்டர் கேட்பார். டிக்கெட் வாங்கிய பயணிகளே பஸ்ஸைத் தள்ளினார்கள். அந்த நாளைப் பார்த்த பெரியவர்கள் கரி பஸ் என்றதும் முதலில் சொல்வது சட்டையில் படிந்த கரியைப் பற்றித்தான். அடுத்தது இந்தத் தள்ளலைப் பற்றி.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் வருகிற 50 கிலோமீட்டரில் நிலம் ஏறக்குறைய 400 மீட்டர் உயர்கிறது. பெட்ரோல் காருக்கே ரேடியேட்டர் கொதித்த மேடு அது. கரி பஸ்ஸில் அந்த ஏற்றம் எத்தனை முறை நின்று நின்று முடிந்திருக்கும் என்பதைப் பயணிகளின் கால்கள்தான் சொல்ல வேண்டும்.

போர் முடிந்தது, பெட்ரோல் திரும்பியது, டீசல் வந்தது. ஒசூர் தொழில் நகரமானது அதற்கு வெகுநாள் கழித்து. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு 1980இல் அசோக் லேலண்டின் ஆலை, அதே ஆண்டு டி.வி.எஸ். 50. இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்த 50 சிசி மொபெட், ஆயிரக்கணக்கான வீடுகளில் முதல் மோட்டார் வண்டி. பால்காரர் கேனைக் கட்டினார், பூக்காரர் கூடையைக் கட்டினார், வாத்தியார் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றினார். கிராங்க் அடிக்கத் தெரிய வேண்டாம், டிரைவர் வேண்டாம். மிதித்தால் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிளாக மிதித்துக்கொண்டே பங்க் வரை போகலாம். ஒசூர் ரோட்டில் நடுத்தர வீட்டுக்காரர் பலர் தம் முதல் சொந்த மோட்டாரில் போனார்கள். 1984இல் அதே ஊரிலிருந்து இந்த்-சுசுகி 100 சிசி பைக்கும் வந்தது.

2021இல் ஏத்தர் நிறுவனம் ஒசூரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறந்தது. தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் 2013இல் தொடங்கிய நிறுவனம். டி.வி.எஸ். ஐக்யூபும் ஒசூர்ச் சரக்கே. இன்னும் கீழே, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை. பொம்மசந்திராவில் ரேவா தனியாகத் திணறிய ரோட்டில், இன்று ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சத்தமில்லாத ஸ்கூட்டர்கள் வரிசை கட்டுகின்றன. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அவற்றைக் காதால் கேட்காமல் குறுக்கே திரும்பி, கடைசி நொடியில் திட்டு வாங்குவது வாடிக்கை.

ஒரு விஷயத்தில் இந்தத் தொடக்கம் முந்தியவற்றிலிருந்து மாறியது. 2018இல் ஏத்தர் தன் முதல் ஸ்கூட்டர்களைப் பெங்களூரில் விற்பதற்கு முன்பே, நகரில் சார்ஜ் போடும் இடங்களை நிறுவத் தொடங்கியது. பெர்த்தா பென்ஸுக்கு மருந்துக்கடையும், மாடல் டி ஓட்டியவருக்கு டின்னும், கரி பஸ்காரருக்கு மூட்டையும், ரேவாக்காரருக்கு அசோசியேஷன் கூட்டமும் தந்த வேலையை, இந்த முறை விற்பவரே பாதி எடுத்துக்கொண்டார்.

மீதிப் பாதி ஊரைத் தாண்டினால் தெரியும். ஒசூரிலிருந்து மின்சார வண்டியில் சேலம் பக்கம் கிளம்புகிறவர் முதலில் செய்வது கைப்பேசியில் அடுத்த சார்ஜர் எங்கே என்று பார்ப்பது. போகும்போது சூளகிரி தாண்டி இறக்கம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தரும். வரும்போது அதே 400 மீட்டர் ஏற்றம். திரையில் சதவீதம் வேகமாக இறங்கும். ஆகவே சாப்பாட்டு நேரத்தையும் சார்ஜ் நேரத்தையும் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். முன்பு "ஃபேமிலி ரூம் உண்டு, பாத்ரூம் உண்டு" என்று எழுதிய பலகையில் இப்போது "இ.வி. சார்ஜிங் உண்டு" என்று மூன்றாவது வரியையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.